மழை பெய்தால் கூலி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு கோயில் மண்டபத்தில் எஸ்.பி.எம். (பதினேழு வயதில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்குத் தன்முனைப்பு உரை, அதாவது ஊக்கப் பேச்சு. பேச வந்தவர் "உழைத்தால் உயரலாம்" என்று மூன்று தடவை சொல்லி, பிள்ளைகளையும் திருப்பிச் சொல்ல வைத்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா நிபோங் திபால் பக்கத்துத் ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, தன் மர வரிசைக்கு, போவார். நானூறு, ஐந்நூறு மரம். வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சேர்ந்த பாலை வாளியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வரும்போது மத்தியானம் தாண்டியிருக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இப்படித்தான். அவரைவிட அதிகம் உழைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை. தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு சைக்கிளும் கொஞ்சம் இ.பி.எஃப். (சேமநிதி) பணமும்தான்.

அதனால் பிள்ளைகளைப் பார்த்து வெறுமனே 'உழை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பாவின் உழைப்பு அன்றன்றைக்கே கரைந்து போனது. படிப்பில் போடும் உழைப்பு சேரும் என்கிறோம். சேரும்தான், ஆனால் எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து. நம் பிள்ளைகள் பலர் பால் சுமக்கிற மாதிரிதான் புத்தகத்தைச் சுமக்கிறார்கள். மறுநாள் காலையில் மங்கு காலி.

1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைதான். ஆனால் நம் முன்னோரில் பெரும்பாலோர் எட்டிப் பார்த்தது தோட்டப் பள்ளியைத்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. வைத்தார்கள். பல இடங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார். அடுத்த தலைமுறையிலும் மரம் வெட்ட ஆள் வேண்டுமே, அந்தக் கணக்குக்கு அது போதும்.

என் கதைக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. 1985-ல், பினாங்குப் பாலம் திறந்த வருடம், புதுமுக வகுப்பில் இருந்தேன். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முன் மலாய் தேறுவதற்காக ஒரு வருடம் கூடுதலாக உட்காரும் வகுப்பு அது. நானும் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். 1990 எஸ்.பி.எம்.மில் மற்றப் பாடங்கள் ஓரளவு வந்தன, மலாய் ஃபெயில். மலாயில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. (2013 முதல் வரலாறும் அப்படித்தான், பெற்றோர்கள் கவனிக்க.)

சோம்பேறியாக இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மலாய்ப் புத்தகத்தை நாலு தடவை படித்தவன் நான். பக்கம் முழுக்க மஞ்சள் கோடு.

அப்புறம் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலை. நைட் ஷிப்டு, கம்பெனி பஸ். கேன்டீனில் ஒரு மலாய் மக்சிக் (வயதில் மூத்த அம்மா), தான் வாசித்து முடித்த நாளிதழை என்னிடம் தள்ளுவார். ஒரு செய்தியைப் படிப்பேன், மடித்து வைப்பேன், பழைய ஃபாரம் ஒன்றின் பின்பக்கத்தில் அதையே என் மலாயில் எழுதுவேன். மக்சிக் சிவப்புப் பேனாவால் திருத்துவார். முதல் நாள் பதினொரு வரியில் பதினான்கு தப்பு. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மறுநாள் போய் உட்கார்ந்தேன். அரை வருடம் இப்படி ஓடியது. மறுதேர்வில் பாஸ். பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை, பாஸ்தான். அந்தத் தாளை வைத்துத்தான் மாலை வகுப்பு, டெக்னீஷியன் வேலை, ரொம்ப வருடம் கழித்து ஒரு டிப்ளோமா.

மக்சிக் செய்தது ஆய்வுக்கூடத்திலும் சோதிக்கப்பட்ட விஷயம் என்று பின்னால்தான் தெரிந்தது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வுக்கு முந்தின இரவு "எல்லாம் தெரியும்மா" என்று பிள்ளை சொல்வது பொய் இல்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குத் தெரிகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. 2021-ல் ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யு.பி.எஸ்.ஆரை நீக்கினார்கள், மறு வருடம் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3-ஐயும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஏ கணக்கு வைத்து அளப்பது எனக்கும் பிடிக்காது, போனதில் வருத்தமில்லை. ஆனால் இப்போது எஸ்.பி.எம். எழுதப் போகிற பிள்ளை சந்திக்கும் முதல் பெரிய அரசாங்கத் தேர்வே பதினேழு வயதில்தான். இடையில் எங்கே ஓட்டை என்று வீட்டுக்குத் தெரிவதில்லை. எஸ்.பி.எம்.முக்கு முந்தின வருடம், நான்காம் படிவத்தில், திடீரென்று விழித்துக்கொண்டு, வாரத்துக்கு மூன்று டியூஷனில் போட்டுவிடுகிறோம். பிள்ளை அங்கேயும் உட்காருகிறான், என்னை மாதிரியே.

உரை முடிந்து வெளியே வந்தபோது ஓர் அம்மா பிடித்துக்கொண்டார். "அண்ணே, பையன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?" நேரத்தை விடுங்கள், புத்தகத்தை மூடிவிட்டு இன்றைக்குப் படித்ததை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். "எனக்கு ஒண்ணும் புரியாதேண்ணே" என்றார். அதுதான் வசதி, உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு என்றேன். பையன் என்னை முறைத்தான்.

அதே மண்டபத்தில் வருகிற ஞாயிறு காலை எட்டரைக்கு நானும் இரண்டு நண்பர்களும் பிள்ளைகளோடு உட்காரப் போகிறோம். கட்டணம் கிடையாது, உரையும் கிடையாது. பழைய மலாய் நாளிதழ் வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். சிவப்புப் பேனா நாங்கள் வாங்கிவிட்டோம்.