பதினாறாம் நாளுக்குள் எக்கோவுக்கு நாள் வாங்குங்கள்

வீட்டில் நாற்பது வயதுக்குள் ஒருவர் திடீரென்று இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவருடைய அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் இ.சி.ஜி.க்கும், ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் எக்கோவுக்கும் நாள் வாங்கியிருக்க வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எந்தத் துக்க வீட்டிலும் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். துக்க நேரத்தில் இதையெல்லாமா பேசுவது என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

டர்பனில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், சர்க்கரையும் பிரஷரும் கொழுப்பும் நம் குடும்பங்களை என்ன பாடு படுத்துகின்றன என்று. அதைப் பார்த்துப் பார்த்தே, யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் 'ஹார்ட் அட்டாக், சாப்பாடு சரியில்லை' என்று முடித்துவிடுகிறோம். அறுபத்தைந்து வயதுத் தாத்தாவுக்கு அது பொருந்தலாம். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடப் போன பையனுக்குமா?

இளம் வயதுத் திடீர் மரணங்களுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது பரம்பரை இதயத் தசை நோய். ரத்தக் குழாயில் அடைப்பு எதுவும் இருக்காது. தசையே பிறவிக் கோளாறோடு வளர்ந்திருக்கும். அதிகம் காணப்படுவது தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீதம் வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. 2003இல் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ லியோன் மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து இறந்தாரே, அவருக்கும் இதே நோய்தான். வயது 28.

என் பெரியம்மா மகன் 27 வயதில் போனான். அதற்கு முன்பே ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறான். மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனபோது ஆஸ்துமா என்று சொல்லி உறிஞ்சும் பம்ப் கொடுத்து அனுப்பினார்கள். அப்பா பக்கத்தில் இதுபோல் யாராவது இளம் வயதில் இறந்திருக்கிறார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சித்தப்பா இருந்தார். இறப்புச் சான்றிதழில் 'இயற்கைக் காரணங்கள்' என்று மட்டும் இருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்? மறுநாளே தகனம் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் உடற்கூறு ஆய்வு வேண்டாம் என்கிறோம். எனக்கும் அந்த அவசரம் புரிகிறது, நம் வழக்கம் அப்படி. ஆனால் அந்த இதயத்தைத் திறந்து பார்த்தால் உயிரோடு இருக்கிற தம்பி தங்கைகளுக்கு வழி தெரியும்.

அவனுடைய அக்காதான் பிடிவாதமாகப் போய் எக்கோ எடுத்தாள். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே இருக்கும் சுவர் 19 மில்லிமீட்டர். பொதுவாக அது 12க்குள் இருக்கும். அவளும் ஒரு முறை மயங்கியிருக்கிறாள், தம்பி வேறு அப்படிப் போய்விட்டான், அதனால் தோலுக்கு அடியில் ஐ.சி.டி. என்ற சின்னக் கருவியை வைத்தார்கள். துடிப்பு ஆபத்தாகக் கெட்டால் அது உடனே மின்அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். தினமும், துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை. நன்றாக இருக்கிறாள். அவளைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "வெளியே சொல்லாதேம்மா, கல்யாணம் தட்டிப்போகும்." இதைவிடக் கொடுமையான அறிவுரையை நான் கேட்டதில்லை. அவள் மறைத்தால் நாளைக்கு அவள் பிள்ளைக்கு யார் எக்கோ எடுப்பார்கள்?

நம்மைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணியும் மற்ற ஆய்வாளர்களும் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியர்களில் 100க்கு 4 பேரிடம் இருக்கிறது என்று கண்டார்கள். 1860இல் டிரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களோடும், அவர்களுக்குப் பின் வந்தவர்களோடும், அதுவும் இங்கே வந்திருக்கத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். அந்த மாற்றம் மட்டும் இருந்தால் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. குடும்பத்தில் இளம் மரணமோ, காரணம் தெரியாத மயக்கமோ இருந்தால்தான் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரு தடவை எக்கோ 'நார்மல்' என்று வந்ததும் கோப்பை மூடி வைத்துவிடுவது அடுத்த தவறு. பதினான்கு வயதில் சுவர் சாதாரணமாக இருக்கும், இருபத்திரண்டில் தடித்திருக்கும். பிள்ளைகளுக்கு ஓரிரு வருடத்துக்கு ஒரு முறையும் பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். தசை அவ்வளவாகத் தடிக்காமலே இளம் ஆண்களைக் கொல்லும் மரபணு மாற்றம் ஒன்றை, ட்ரோபோனின் டி என்ற இதயத் தசைப் புரதத்துக்கான மரபணுவில், நம் தென்னாப்பிரிக்கக் குடும்பங்களிலேயே 1990களில் கண்டுபிடித்தார்கள். கேப் டவுனில் இதய மருத்துவர் பொங்கானி மயோசியின் குழு ஒரு குடும்பத்தை ஏறக்குறைய இருபது வருடம் விடாமல் தொடர்ந்து, இத்தாலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2017இல் சி.டி.எச்.2 என்ற மரபணுவை அடையாளம் கண்டது. அது வேறு வகை, துடிப்பைக் கெடுக்கும் தசை நோய். இந்த நாட்டில் இந்த நோயைப் பற்றித் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களிடம் போய்ச் சேராமல் பாதியில் நிற்பது நாம்தான்.

நோயாளியின் மரபணு மாற்றம் எது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் பெரிய நிம்மதி ஒன்றும் உண்டு. அது இல்லாத உடன்பிறப்புக்குத் திரும்பத் திரும்ப எக்கோ தேவையில்லை, அவருடைய பிள்ளைகளுக்கும் பயமில்லை.

அப்புறம் காவடி. தைப்பூசம் டர்பனின் உச்ச வெயிலில் வருகிறது. விரதம் இருந்து, தண்ணீர் குறைத்து, மணிக்கணக்காக ஆடும் பையன் விழுந்தால் எல்லாவற்றையும் சாமி என்று விட்டுவிடாதீர்கள். உடலில் நீர் குறைந்தால் தசை தடிக்கும் இந்த நோயில் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழி இன்னும் நெருக்கமாகும். முருகனைக் கும்பிடுவதற்கு நான் எதிரி இல்லை, என் வீட்டிலும் காவடி எடுக்கிறோம். நோய் இருப்பது தெரிந்தவர் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு: மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு கட்டாயம் பணம் கொடுக்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் கார்டியோமயோபதி இருக்கிறது. எந்தச் சின்னத் திட்டத்தில் இருந்தாலும் கேளுங்கள். அரசு வழி என்றால் கிளினிக்கிலிருந்து பக்கத்து மருத்துவமனை, அங்கிருந்து ஆல்பர்ட் லுத்துலி பெரிய மருத்துவமனை என்று கடிதத்தோடுதான் போக வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். கிளம்புவதற்கு முன் மூன்று தலைமுறையின் பெயர்களை எழுதி, யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காரில் போகும்போது இறந்தவர், தண்ணீரில் மூழ்கியவர், தூக்கத்தில் போனவர் எல்லோரையும் சேருங்கள், காரணம் இதயமாகவும் இருந்திருக்கலாம். பெரியம்மா, அத்தை, ஆயா என்று யாருக்கு நினைவிருக்கிறதோ அவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். டாக்டர் எழுதும் கடிதத்தில் 'குடும்பத்தில் இளம் வயதுத் திடீர் மரணம்' என்ற வரி இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.