பெயர் ஆறாவது, அணி பழையது

ஆஸ்டன் மார்ட்டின் ஃபார்முலா ஒன் கார் பந்தய அணி 2021-ல் புதிதாகப் பிறந்ததுபோல் அந்த அணியைப் பற்றிய உங்கள் கட்டுரை சொல்கிறது. 1991-ல் அயர்லாந்துக்காரர் எடி ஜோர்டான் தன் பெயரிலேயே பந்தயத்தில் இறக்கிய, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனைச் சேர்ந்த அதே அணிதான் இது. மிட்லண்ட், ஸ்பைக்கர் என்று கைமாறி 2008-ல் ஃபோர்ஸ் இந்தியா ஆனது. நம்ம நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டியதும் ஜோர்டான் காரைத்தான். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த பந்தயத்தில் நான்காவதாக வந்து, இந்தியருக்கு முதல் புள்ளிகளை வாங்கித் தந்தார். ஆறு கார்தான் ஓடியது, சரி, அதற்காக விட்டுவிடலாமா?

2018-ல் அணி திவாலானபோது கனடா தொழிலதிபர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தரப்பு வாங்கியதால் 400-க்கும் மேற்பட்டோரின் வேலை தப்பியது. கம்பெனி கைமாறினாலே வயிற்றைக் கலக்கும் எங்கள் மணலி, எண்ணூர் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் பெரிய செய்தி. ரேசிங் பாயிண்ட் என்ற பெயரில் அந்த அணி ஊழியர்கள் செய்த காரில்தான் 2020-ல் பஹ்ரைனில் நடந்த சாகீர் பந்தயத்தில் ஓட்டுநர் செர்ஜியோ பெரெஸ் ஜெயித்தார். கட்டுரையில் இதையெல்லாம் சேருங்கள்.