ஐகானிடம் இணையத்தை அணைக்கும் ஸ்விட்ச் இல்லை

"ஐகான் அமெரிக்க அரசின் கையில் இருக்கிறது, நினைத்தால் எந்த நாட்டின் இணையத்தையும் நொடியில் அணைத்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

ஐகான் (ICANN) 1998-இல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு. டொமைன் பெயர்களின் (இணையதளப் பெயர்களின்) மூலப் பட்டியலையும், இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் ஐபி எண்களின் ஒதுக்கீட்டையும் ஒருங்கிணைக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க வணிகத் துறையுடனான ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. அலுவலகம் கலிஃபோர்னியாவில் இருப்பதால் அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும், அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் கேபிளோ டவரோ எதுவும் அதனிடம் கிடையாது.

2022-இல் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, 'டாட் ஆர்யூ' (.ru) என்று முடியும் ரஷ்ய இணையதளப் பெயர்களை ரத்து செய்யும்படி உக்ரைன் அரசு ஐகானுக்குக் கடிதம் எழுதியது. மார்ச் 2-இல் முடியாது என்று பதில் வந்துவிட்டது. ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டிருந்தாலும், அந்தப் பெயர்களைத் தேடுபவர்களுக்கு முகவரி கிடைக்காமல் போயிருக்கும். ரஷ்யாவுக்குள் ஓடும் கேபிள்கள் அறுந்திருக்காது.

சரி, இணையத்தை உண்மையில் யார் அணைக்கிறார்கள்? 2011 ஜனவரியில் எகிப்து அரசு உள்ளூர் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அவர்கள் தங்கள் வழித்தட அறிவிப்புகளை (தங்கள் நெட்வொர்க்கை எப்படி அடைவது என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் தகவலை) திரும்பப் பெற்றதும் நாடே ஏறக்குறைய 5 நாட்கள் துண்டிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டதும் உள்நாட்டு உத்தரவால்தான். ஐகானைத் திட்டுவதற்கு முன், இந்தியாவில் 2017-இல் வந்து, 2024-இல் புதிதாக மாற்றி எழுதப்பட்ட தொலைத்தொடர்பு இடைநிறுத்த விதிகளைப் படித்துப் பாருங்கள். மாநிலத்துக்குள் என்றால் மாநில உள்துறைச் செயலரே உத்தரவு போடலாம்.