ஹாலிடேக்குத்தானே போனீங்க?

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் அதில் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள், அதையும் பார்த்தேன். ஜெர்மனியில் மியூனிக் விமான நிலையத்துப் பக்கம் ட்ரோன் தெரிந்தது என்று 2025 அக்டோபர் 2, வியாழன் இரவு மூடினார்களே, அதைப் பற்றி நம் நண்பர் எழுதிய ஆறு வரி. "பீர் குடிக்கப் போனவன் ஒரு ராத்திரி கேம்ப் கட்டிலில் படுத்தால் செத்தா போய்விடுவான்?" என்று ஆரம்பித்து, "2018ல் லண்டன் கேட்விக்கிலும் இதே ஒப்பாரிதான், ஏதோ பொம்மை பறந்ததற்கு ஊரைக் கூட்டினார்கள், ஹாலிடே போனால் நாலும் இருக்கும்" என்று முடித்திருந்தார்.

கமெண்ட் போடலாம் என்று மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அழித்தேன். கமெண்டில் அடங்குகிற விஷயம் இல்லை, அதனால் இங்கே.

மியூனிக்கில் வியாழன் இரவு 17 விமானங்கள் கிளம்பவில்லை. இறங்க வேண்டிய 15 விமானங்களை ஸ்டுட்கார்ட், நியூரம்பர்க், வியன்னா, பிராங்பர்ட் என்று திருப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட 3,000 பேர் மாட்டினார்கள். வெள்ளி இரவு மறுபடி மூடினார்கள், இந்த முறை 6,500 பேர். அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றான நாள், அரசு விடுமுறை, மியூனிக்கின் பீர் திருவிழாவின் கடைசி வார இறுதியும் அதுதான். ஆகவே மாட்டிய அத்தனை பேரும் குடிகாரர்கள், கட்டிலில் படுக்கட்டும். என்ன ஒரு கணக்கு! அந்தக் கூட்டத்தில் மகள் பிரசவத்துக்குக் கிளம்பிய ஒரு அம்மா இருந்திருக்க மாட்டாளா? லீவு கிடைத்தது அந்த மூன்று நாள்தான் என்பதால் ஊரில் படுத்துக் கிடக்கும் அப்பாவைப் பார்க்கக் கிளம்பியவன் ஒருத்தன் இருந்திருக்க மாட்டானா? விடுமுறை நாளில் பயணம் செய்கிறவன் உல்லாசத்துக்குத்தான் போகிறான் என்று யார் சொன்னது? வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்களை மாதிரி ஆட்களுக்கு விடுமுறையில் மட்டும்தான் போகவே முடியும். சாவுக்கும் கல்யாணத்துக்கும் சொத்துத் தகராறுக்கும் எல்லாவற்றுக்கும் அந்த விடுமுறைதான்.

சரி, கேட்விக்குக்கு வருகிறேன். அங்கே மாட்டியவர்களில் நானும் ஒருத்தன். என் பழைய நண்பர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

2018 டிசம்பர் 19, புதன்கிழமை. நான் அப்போதும் தெற்கு லண்டனில், கிராய்டனில்தான் இருந்தேன், ரயில் ஏறினால் கேட்விக் பக்கம். அந்த வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி விடியற்காலை அப்பா போய்விட்டார். தலைத்திவசம் மார்கழி வளர்பிறை சதுர்த்தசி, அது டிசம்பர் 21 வெள்ளிக்கிழமை வந்தது. நான் ஒரே பையன். புதன் இரவு விமானம், வளைகுடாவில் மாறி வியாழன் இரவு திருச்சியில் இறங்கி, காரில் பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் ஊருக்குப் போய், காலையில் குளத்துப் படித்துறையில் உட்கார வேண்டும். பெட்டியில் ஐயருக்குக் கொடுக்க வேஷ்டி துண்டு, அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் நாலு டியூப். இதுதான் என் ஹாலிடே.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 16 கஜா புயல் அடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் தென்னை என்ன ஆனது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வைத்த கன்றெல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்க, அம்மா போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் "நீ வந்துருவீல்ல?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரி 9 மணிக்குக் கொஞ்சம் பிந்தி ஓடுபாதையை மூடினார்கள். விமான நிலையக் காவலாளி ஒருவர் ட்ரோன் பார்த்ததாகச் சொன்னாராம். நாங்கள் ஏறி பெல்ட் போட்டு உட்கார்ந்தாயிற்று. முதலில் "சிறிய தாமதம்" என்றார்கள். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். என் பக்கத்து சீட்டில் ஒரு சின்னப் பெண், தலையில் கலைமான் கொம்பு வைத்த பட்டை, அந்தப் பெண் ஒவ்வொரு அறிவிப்புக்கும் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கும், அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் என்னத்தைச் சொல்ல. அப்புறம் இறக்கிவிட்டார்கள். விடியற்காலை 3 மணிக்கு ஓடுபாதை திறந்துவிட்டது என்றதும் தரையில் படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினோம். முக்கால் மணி நேரத்தில் மறுபடி மூடிவிட்டார்கள். அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

வியாழன் முழுக்கத் திறக்கவில்லை. ராணுவம் வந்தது. கேட்விக்கில் ஒரு நேரத்தில் ஒரே ஓடுபாதைதான் ஓடும், அதை நிறுத்தினால் எல்லாம் நின்றது. மூன்று நாளில் சுமார் 1,000 விமானங்கள் ரத்தாகியோ திருப்பிவிடப்பட்டோ, 1,40,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஒரே தலைப்பு, "விடுமுறைப் பயணிகள் தவிப்பு". அங்கேதான் ஆரம்பித்தது இந்த வியாதி. 1,40,000 பேரையும் ஒரே வார்த்தையில் மூட்டை கட்டி, பனிச்சறுக்குப் போகிறவன் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "ட்ரோன்னா என்னடா, கல்யாண வீட்ல மேல பறந்து வீடியோ எடுக்குமே, அதா?" ஆமாம்மா. "அதுக்காடா பிளேன நிறுத்துனாங்க?" அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "பரவால்ல தம்பி, சித்தப்பாவ உக்கார வச்சுக்கிறேன்" என்றார். இந்தப் "பரவால்ல" எப்படிப்பட்ட பரவாயில்லை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன், சிலவற்றை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள், மீதியையும் எப்படியும் கேட்பீர்கள்.

"ஒரு நாள் முன்னாடியே கிளம்பியிருக்கலாமே?" கிளம்பியிருக்கலாம். ஆபீஸில் வருஷக் கடைசி, எத்தனை நாள் லீவு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அடுத்தது.

"மூடாமல் விட்டு விமானம் விழுந்தால் நீ பொறுப்பேற்பாயா?" இதைத்தான் ரொம்பப் பேர் கேட்கிறார்கள், நான் எங்கேயாவது மூடியது தப்பு என்று சொன்னேனா? உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிற ஒரு பண்டம் எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று பார்க்க அந்த விமானத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் ஆசையா? மூடட்டும். மூடித்தான் ஆக வேண்டும். சுட்டு வீழ்த்த வேண்டியதுதானே என்பவர்கள், குண்டு தவறினால் எங்கே போய் விழும் என்று யோசியுங்கள், போலீஸும் அதைத்தான் சொன்னது. நான் சொல்வது வேறு. மூடியதால் மாட்டியவனைப் பார்த்துச் சிரிக்காதே என்கிறேன். ரெண்டும் ஒன்றா?

"கேட்விக்கில் ட்ரோனே இல்லை, இல்லாத ட்ரோனுக்கு ஏன் அழுகிறாய்?" இது கொஞ்சம் சிக்கலான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு போலீஸ் அதிகாரியே ட்ரோன் எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம் என்கிற மாதிரி சொல்லி, அப்புறம் அது தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த தவறு என்றார்கள். பார்த்ததாகச் சொன்ன சம்பவங்கள் 170, அதில் 115 நம்பத் தகுந்தவை என்றார்கள். ஆனால் அத்தனை ஆயிரம் போன்கள் இருந்த இடத்தில், இதுதான் அது என்று காட்ட உருப்படியான ஒரு படம் கிடையாது. தகவல் சொன்னால் 50,000 பவுண்டு என்று விமான நிலையம் அறிவித்தும் யாரும் சிக்கவில்லை, 2019 செப்டம்பரில் விசாரணையையே முடித்துக்கொண்டார்கள். சரி, ட்ரோன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். என் அப்பா திதி இருந்தது. அது 21ஆம் தேதி வந்தது. நான் அங்கே இல்லை. இதில் எது இல்லாதது?

"விமானத்தில் பறப்பதே பூமிக்குக் கேடு, குறைத்துக்கொள்ளுங்கள்." நன்றி. கிராய்டனிலிருந்து பட்டுக்கோட்டைக்கு பஸ் விட்டால் சொல்லுங்கள்.

"கஜாவில் வீடே போனவர்களைவிடவா உன் கஷ்டம் பெரிது?" இதை எழுதியவர் எனக்குத் தெரிந்த தம்பி. பெரிதில்லை தம்பி. ஆனால் அந்த வீட்டுக்குப் போகத்தான் நான் பெட்டி கட்டினேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வரவில்லை.

இழப்பீடு நன்றாகக் கொடுத்திருப்பார்களே என்று ஒருவர். கொடுத்தார்கள், கொடுத்தார்கள். ட்ரோன் என்பது "அசாதாரண சூழ்நிலை", ஆகவே தாமதத்துக்கான இழப்பீடு கிடையாது, டிக்கெட் பணம் அல்லது வேறு விமானம், காத்திருக்கும்வரை சாப்பாடு, தங்க இடம், அவ்வளவுதான் சட்டம். சட்டம் சரி. எனக்கு வந்த கடிதம் இருக்கிறதே. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. பயணக் காப்பீட்டில் ஒரு விண்ணப்பம், "பயணத்தின் நோக்கம்" என்று ஒரு கட்டம், அதில் வேலை, கல்வி, விடுமுறை என்று மூன்றே மூன்று. திதிக்குக் கட்டம் இல்லை. நானும் என்ன செய்ய, விடுமுறையில்தான் டிக் போட்டேன். பதில் கடிதத்தில் "உங்கள் விடுமுறை பாதிக்கப்பட்டதற்கு வருந்துகிறோம்" என்று வந்தது. நான் போட்ட டிக்குக்குத்தான் அவர்கள் பதில் எழுதினார்கள், தெரிகிறது. ஆனாலும் அந்த வரியை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா குளத்தில் பிண்டம் கரைத்தபோது இங்கே விடியற்காலை 5 மணி. அக்கா வாட்ஸ்அப்பில் காட்டினாள். நெட் விட்டு விட்டு வந்தது. சித்தப்பா விரலில் தர்ப்பை மோதிரம், தண்ணீரில் முங்கி எழுந்த முதுகு, அவ்வளவுதான் தெரிந்தது, படம் நின்றுவிட்டது, சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, 6 மணி வாக்கில், ஓடுபாதையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி. அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி கொஞ்ச நேரம் மூடினார்கள். அதெல்லாம் எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். 23ஆம் தேதிக்கு வேறு விமானம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்குக் காலையில் ரயிலில் ஒரு பத்திரிகை கிடந்தது. பக்கத்து ஊரான கிராலியில் ஒரு கணவன் மனைவியைக் கைது செய்திருந்தார்கள், அவர்கள் படம் முதல் பக்கத்தில் இவ்வளவு பெரிதாக, கிறிஸ்துமஸைக் கெடுத்த முட்டாள்கள் இவர்கள்தானா என்று கேள்விக்குறியோடு. அந்தக் கேள்விக்குறி என் கண்ணில் படவே இல்லை. படத்தைப் பிடித்து இங்கேதான் போட்டேன், இதே கணக்கில், மேலே நான் என்ன எழுதினேன் என்று இப்போது திருப்பி எழுதக் கூசுகிறது. அறுபது பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். திருச்சியில் இறங்கி போனைப் போட்டால் முதல் செய்தி, அந்த ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லை, விடுவித்துவிட்டார்கள். ட்ரோன் பறந்ததாகச் சொன்ன நேரத்தில் அந்த மனுஷன் வேலையில் இருந்ததாக அவர் முதலாளியே சொன்னார். 36 மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். 2020ல் போலீஸ் அவர்களுக்கு வழக்குச் செலவோடு சேர்த்து 2,00,000 பவுண்டு கொடுத்தது. நான் பதிவை அழித்தேன். பகிர்ந்த அறுபது பேரும் அழித்தார்களா என்று தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "ஹாலிடே" என்று எழுதுவதும் "இவன்தான் ட்ரோன் விட்டவன்" என்று எழுதுவதும் ஒரே சோம்பேறித்தனம்தான். ஆளைத் தெரியாது, ஆனால் ஒரு பெயர் வைத்தாயிற்று, அப்புறம் சிரிக்கலாம், திட்டலாம். நான் திட்டினேன், நீங்கள் சிரிக்கிறீர்கள். இல்லை, இப்படிச் சொன்னால் ரெண்டும் சமம் என்று ஆகிவிடும், நான் செய்தது இன்னும் மோசம். சரி, அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 22 டென்மார்க்கில் கோபன்ஹேகன் விமான நிலையத்தைக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் மூடினார்கள், அப்புறம் மியூனிக். இனி இது அடிக்கடி நடக்கும் போலத்தான் இருக்கிறது. அடுத்தது உங்கள் ஊர் விமான நிலையமாகக்கூட இருக்கலாம், அன்றைக்கு நீங்கள் எதற்குக் கிளம்பியிருப்பீர்களோ.

24ஆம் தேதி வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தைலத்தைக்கூடப் பார்க்கவில்லை. எவர்சில்வர் டப்பாவைத் திறந்து வைத்தார். படையலில் எனக்கென்று எடுத்து வைத்த ரெண்டு வடையும் ஒரு அதிரசமும். மூன்று நாள் ஆகியிருந்தது. அதிரசம் பரவாயில்லை, வடை நூல் விட்டிருந்தது. "தூரப் போட்ரு, சும்மா காட்டத்தான் வச்சேன்" என்றார்.

கமெண்டை மூடவில்லை, திட்டுபவர்கள் திட்டலாம். நம் நண்பர் வந்து "சாரிண்ணே, சும்மா ஜாலிக்குப் போட்டேன்" என்று எழுத வேண்டாம், போனில் கூப்பிடச் சொல்லுங்கள். ஹாலிடே என்று யாராவது எழுதினால் மட்டும் பிளாக்.