ஜப்பானின் கடலோர ஊருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். சம்பளம் எவ்வளவு? ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டுமா? தோக்கியோவில் வேலை என்றால் அதோடு விட்டுவிடலாம். இவாத்தே, மியாகி, கோச்சி மாதிரி மாகாணங்களில் ஒரு சின்ன மீன்பிடி ஊரில் வேலை கிடைத்தால் கேட்க வேண்டியவை வேறு. ஒப்பந்தம் யாரோடு? கார் இல்லாமல் பள்ளிக்குப் போக முடியுமா? சுனாமி வந்தால் நான் போகிற ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் மேட்டுக்கு எது வழி? இந்த மூன்றாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. வேலைக்கு எடுக்கிறவர்களும் தாமாகச் சொல்வது குறைவு.

ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பிப்போம். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியராக எடுக்கும் அரசின் ஜெட் திட்டம் 1987 முதல் நடக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். ஓராண்டு ஒப்பந்தம், புதுப்பித்துக்கொண்டே போனால் அதிகபட்சம் 5 ஆண்டு. 2025 ஏப்ரலிலிருந்து முதலாண்டு ஊதியம் ஆண்டுக்கு 40.2 லட்சம் யென். தனியார் நிறுவனம் வழியாகப் போனால் தாளை வரிவரியாகப் படியுங்கள். ஆகஸ்ட் விடுமுறைக்கு முழுச் சம்பளம் உண்டா, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் யார் பொறுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். இன்னொன்றும் முக்கியம். வேலையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுக்கும் வகை ஒப்பந்தம் என்றால், பள்ளியின் ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக உத்தரவிடச் சட்டம் இடம் தராது. எல்லாம் நிறுவனம் வழியாகப் போக வேண்டும். வகுப்பில் இருவர் சேர்ந்து பாடம் நடத்தும்போது இது எவ்வளவு அபத்தம் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே, முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துப் போடும் குடியிருப்போர் வரி இரண்டாம் ஆண்டு ஜூனில்தான் வந்து நிற்கும். மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்காதவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள்.

அடுத்தது கார். ஒரே ஆசிரியர் நாளுக்கு ஒரு பள்ளி என்று மூன்று நான்கு பள்ளிகளுக்குப் போவது இந்த ஊர்களில் சகஜம். பேருந்து நாளுக்குச் சில நடைகள்தான். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும். ஆனால் வந்திறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டுதான். இடையில் ஊருக்கு ஒரு வாரம் போய்ப் புதிது வாங்கி வந்தால் செல்லாது. நாட்டுக்கு வெளியே மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும்.

ஆகவே ஆறாம் மாதத்திலேயே உரிமத்தை மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். இந்திய உரிமத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். உரிமம் வாங்கிய பிறகு இந்தியாவில் குறைந்தது மூன்று மாதம் இருந்ததற்குப் பழைய பாஸ்போர்ட்டும் வேண்டும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வில் 10 கேள்விக்குப் பதில் 50, தேற 90 சதவீதம். ஓட்டிக் காட்டும் தேர்வில் நம்மவர்கள் தோற்பது ஓட்டத் தெரியாததால் அல்ல. திரும்புவதற்கு 30 மீட்டர் முன்பே விளக்குப் போட வேண்டும். கண்ணாடி பார்த்தது போதாது, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். இடப்பக்கம் திரும்புமுன் சைக்கிள் நுழைய முடியாதபடி ஓரத்தை ஒட்டி வர வேண்டும். தேர்வு மையம் பல மணி நேரப் பயணத்தில், வார நாட்களில் மட்டும் இருக்கலாம். விடுப்பு நாட்களை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு 660 சிசி சிறிய கார், மஞ்சள் நம்பர் பலகை, போதும். பழையது வாங்கினால் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். கடற்காற்றின் உப்பு முதலில் அங்கேதான் அரிக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் கட்டாயப் பரிசோதனையில் காரின் அடிச்சட்டகம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் பழுது பார்க்கிற செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். புயல் அடித்த மறுநாள் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது ஒன்றுதான் வழி.

வீட்டில் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் பூஞ்சணம் பெரிய தொல்லை. மெத்தையைப் பாய்த்தரையில் விரித்தபடி விடாமல் தினமும் மடித்து எடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பள்ளி மதிய உணவை முதல் நாளே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. காய்கறிச் சாறு போலத் தெரியும் சூப்பிலும் கருவாட்டுச் சாறு இருக்கும். கடையில் விற்கும் குழம்புக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு உண்டு.

இனி மேட்டுக்கு வருகிறேன். 2004இல் தமிழகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜப்பானில் பூகம்பம் கரைக்குப் பக்கத்திலேயே நடக்கும். 2011இல் வடகிழக்குக் கரைக்கு அரை மணி நேரம்போலக் கிடைத்தது. 2024 ஜனவரி 1 அன்று மேற்குக் கரையின் நோத்தோ தீபகற்பத்தில் சில இடங்களில் கிடைத்தது ஓரிரு நிமிடம்தான். கோச்சியின் குரோஷியோ ஊருக்கு 2012இல் அரசு கணித்த மிக மோசமான அலை 34 மீட்டர்.

2011 சுனாமியில் ஜெட் திட்டத்தின் இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் இறந்தார்கள். இஷினோமாகியில் டெய்லர் ஆண்டர்சன், ரிகுசென்தகாதாவில் மான்ட்டி டிக்சன். டெய்லர், பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவர்.

அதே இஷினோமாகியில் ஒகாவா தொடக்கப் பள்ளி, ஆற்று முகத்திலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. அபாய வரைபடத்தில் அலை வராத இடம். பின்னால் மலை. பிள்ளைகளை ஏறக்குறைய 50 நிமிடம் மைதானத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். 108 மாணவரில் 74 பேரும் ஆசிரியர்கள் 10 பேரும் அலையில் இறந்தார்கள். கமாயிஷியில் உனோசுமாய் பிள்ளைகள் குறித்து வைத்த இடத்துக்கு ஓடினார்கள், அது போதாது என்று பட்டதும் இன்னும் மேலே ஓடினார்கள், பிழைத்தார்கள். வரைபடத்தின் நிறத்தை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சுற்றி வரும் ஆசிரியருக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. ஒரு பள்ளியில் ஒத்திகை நடக்கும் நாளில் அவர் வேறு பள்ளியில் இருப்பார். வருகைப் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போகலாம், அப்போது தலையெண்ணும்போது அவரைத் தேட யாருக்கும் தோன்றாது. இதை ஊரின் பள்ளிகளை நடத்தும் கல்விக் குழு சரிசெய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் அவருக்கு ஒரு ஒத்திகையாவது கிடைக்க வேண்டும். அவர்கள் செய்யும்வரை காத்திருக்காதீர்கள். முதல் வாரமே துணைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் மேடுவரை நடந்து பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளிகளுக்கு இடையில் கடலோரச் சாலை எங்கே தாழ்கிறது, அங்கிருந்து எந்தப் படிக்கட்டு மேலே போகிறது என்பதையும் பாருங்கள். கடற்கரையில் சிவப்பு வெள்ளைக் கட்டமிட்ட கொடியை யாராவது அசைத்தால் அது சுனாமி எச்சரிக்கை. வலுவாகவோ, ஒரு நிமிடம்போல நீண்டோ நிலம் ஆடினால் ஒலிபெருக்கிக்குக் காத்திருக்க வேண்டாம். வாசலில் செருப்பு மாற்றவும் நிற்காதீர்கள். பிள்ளைகள் ஒத்திகையில் ஓடுவதுபோல உள்ளே போடும் காலணியோடே ஏறுங்கள், எச்சரிக்கையை விலக்கும்வரை இறங்காதீர்கள்.