சோக் இழுத்தாயிற்று, போதுமா?

இழுத்தாயிற்று. முழுசாக இழுத்தாயிற்று. இன்னும் இழுத்தால் குமிழ் கையோடு வந்துவிடும். நிம்மதியா எல்லாருக்கும்? குளிரில் பழைய கார் கிளம்பாமல் நின்றால், போகிற வருகிறவர்கள் எல்லாம் "சோக் இழுத்தீங்களா?" என்றுதானே கேட்கிறார்கள்.

தை முகூர்த்தம் என்ற ஒன்றை ஏற்பாடு செய்தவர் நிச்சயம் ஊட்டியில் குடியிருந்தவர் இல்லை. கோயம்புத்தூரில் ஒன்பது மணிக்குத் தாலி. ஊட்டி காந்தலில் விடிவதற்கு முன் என் பழைய பத்மினி காரின் பானெட் முழுக்க உப்புக் கொட்டியதுபோல் உறைபனி, வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. பட்டுப்புடவை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை என்று முன் சீட்டில் மனைவி. ஒரு வார்த்தை பேசவில்லை. மொபைலில் மணியை மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி பார்க்கிறாள்.

செல்ஃப் போட்டேன். கிர்ர்... கிர்... க். குளிரில் ஆயில் இறுகிக் கிடக்கிறது, பேட்டரிக்கும் பாதி உயிர்தான். பம்பு வேறு இன்ஜின் சுற்றினால்தான் பெட்ரோலை மேலே இழுக்கும். வந்த பெட்ரோலும் குளிரில் ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைக்கிறோம். கொஞ்சம் அதிகமாகப் போனால் பிளக் நனைந்து ஓவர்ஃப்ளோ. அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, செல்ஃப் அடித்துக் காய விட வேண்டும். இதில் 2,240 மீட்டர் உயரம் வேறு. இங்கே கிடைக்கிற காற்று சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். கீழ்நாட்டுக்கு அளவெடுத்த ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளை, இங்கே எப்போதும் பெட்ரோலை வாரி இறைக்கும். பெட்ரோல் என்றா சொன்னேன்? இருபது சதவீதம் எத்தனால். ஆவியாக அதற்கு இன்னும் கூடுதலாகச் சூடு வேண்டுமாம். சூட்டுக்கு ஜனவரியில் நான் எங்கே போக?

சரி, ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, மிதித்தபடி செல்ஃப் அடிக்கிறேன். ஒரு சிலிண்டர் 'டப்' என்றது. இரண்டாவதும் கனைத்தது. சைலன்சரில் லேசாகப் புகை. அந்த நொடியில்தான் குரங்குக் குல்லாவோடு வாக்கிங் வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். "ஏனுங்க, சோக் இழுத்தீங்களா?"

பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் கையையும் உள்ளே விட்டு, அவரே இழுத்துவிட்டார்! முழுசாக! கனைத்துக்கொண்டிருந்த வண்டி மறுபடி குளித்துக்கொண்டது. "பாத்தீங்களா, பேட்டரி வீக்" என்றார். பெரியவராகப் போய்விட்டார், வேறென்ன சொல்ல.

அப்புறம் பால் வாங்க வந்தவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். எதிர் வீட்டுப் பையன் தன் புது வண்டியில் பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. "இதைக் குடுத்துட்டு ஒண்ணு வாங்கிடுங்கண்ணா" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனான். கம்ப்யூட்டரே குளிரைப் பார்த்துப் பெட்ரோலை அளந்து ஊற்றுகிற வண்டிக்காரனுக்கு ஊரே ஆலோசனை மண்டபம்தான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உறைபனி பார்க்கக் கீழேயிருந்து வந்த ஒரு கூட்டம் என் பானெட்டில் விரலால் இதயம் வரைந்து ரீல்ஸ் எடுக்க ஆரம்பித்தது. நான் சாவியில் கை வைத்ததும் ஒரு பெண் பதறினாள்: "அண்ணா, ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணாதீங்க, பனி உருகிடும்!"

பண்ணவில்லை தாயே. பண்ணவே இல்லை. நீ நிதானமாக எடு.

அதுவரை பேசாத மனைவி சிரித்த சிரிப்பில் சால்வை நழுவியது. எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் அந்தக் கூட்டமே இறக்கத்தில் தள்ளியது. செகண்ட் கியரில் கிளட்சை விட்டதும் கறுப்புப் புகையோடு கிளம்பியது. பின்னாலிருந்து பெரியவர் குரல்: "நான்தான் சோக் இழுத்து விட்டேன்!"

தாலி கட்டி முடிந்து, இரண்டாம் பந்திக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இன்னொரு மானக்கேடு. சொந்தக்காரர்களுக்காக முந்தின நாள் வாங்கின வர்க்கி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின ஊட்டி வர்க்கி, கடித்தால் நொறுங்க வேண்டாமா? பையைப் பிரித்தால் மொத்தமும் நமுத்துக் கிடக்கிறது. "இப்பத்தான் சார் அடுப்பிலிருந்து எடுத்தது" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னானே அந்தக் கடைக்காரன், நாளைக்கு அவனிடம் இருக்கிறது கச்சேரி. நடந்தே போகிறேன்.