ஹாங்க் கேதர்ஸுக்காக இடது கையால் எறியப்பட்ட பந்து: நடந்தது என்ன?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் ஹாங்க் கேதர்ஸ் இறந்தபின், அவர் நினைவாக நண்பர் போ கிம்பிள் எல்லா ஃப்ரீ த்ரோக்களையும் (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் பந்துகள்) இடது கையாலேயே எறிந்து, அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்தார் என்று ஒரு பதிவு பகிரப்படுகிறது. இதில் பாதிதான் உண்மை.

லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணியின் கேதர்ஸ், 1990 மார்ச் 4 அன்று போர்ட்லண்ட் அணியுடனான ஆட்டத்தில் களத்திலேயே சரிந்து, அன்றே இறந்தார். வயது 23. முந்தைய டிசம்பரிலும் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்திருந்தார். சீரற்ற இதயத் துடிப்புக்கு மருந்தும் எடுத்துவந்தார். எனவே இது எந்த அறிகுறியுமின்றி வந்த மரணமும் அல்ல.

கேதர்ஸ் பிறவி இடக்கையரும் அல்ல. வலது கையால் எறிந்த ஃப்ரீ த்ரோ சரியாக விழாததால்தான் இடது கைக்கு மாறினார். பிலடெல்பியாவில் பள்ளிக் காலத்திலிருந்தே உடன் ஆடிய கிம்பிளுக்கு அது தெரியும். வலக்கையரான அவர், தேசியப் போட்டியின் ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் ஃப்ரீ த்ரோவை மட்டும் இடது கையால் எறிந்தார். அப்படி எறிந்தவை எல்லாமே கூடைக்குள் விழுந்தன. மிகைப்படுத்தாமலே நெஞ்சைத் தொடும் செயல் இது.

கோப்பை கிடைக்கவில்லை. நடப்புச் சாம்பியன் மிச்சிகனை 149-115 என வீழ்த்திய அணி, காலிறுதியில் நெவாடா-லாஸ் வேகஸிடம் 131-101 எனத் தோற்றது.

ரசிகர்கள் இன்றும் லயோலா மேரிமவுண்ட் அணியின் அரங்கை ‘ஹாங்க்கின் வீடு’ என்றே அழைக்கிறார்கள். 2020இல் அதன் வெளியே அவருக்குச் சிலையும் எழுந்தது.